சிறு பட்டறையின் புது முயற்சிக்கு அரசு எப்படித் துணை நிற்பது?

சிறிய தொழில் நிறுவனம் ஒன்று இதுவரை செய்யாத ஒன்றைச் செய்து பார்க்கிறது. அந்தச் செலவில் ஒரு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து அரசு ஏற்க வேண்டுமா? ஏற்பதென்றால் எந்த வடிவில்? இந்தக் கேள்விக்கு முக்கால் நூற்றாண்டாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. இந்தியாவில் 1955-ன் கார்வே குழு சிறுதொழிலை வேலைவாய்ப்பின் ஊற்றாகப் பார்த்தது. பெரிய ஆலைகளின் போட்டியிலிருந்து அதைக் காப்பது அரசின் கடமை என்ற எண்ணம் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் வேர்கொண்டது. 1982-ல் அமெரிக்க நாடாளுமன்றமும் சிறு நிறுவனங்களின் பக்கம் திரும்பியது. ஆனால் அதற்கு அது சொன்ன காரணம் நேர் எதிரானது. புதியன காண்பதில் சிறு நிறுவனங்கள் வல்லவை, அரசின் ஆய்வு நிதிதான் அவற்றின் வாசலுக்கு வருவதில்லை என்றது அது. முதல் பார்வையில் சிறு நிறுவனம் நலிந்தது. இரண்டாவதில் வாய்ப்பு மறுக்கப்பட்டது. இன்றைய இந்தியக் கொள்கையில் இவ்விரண்டு பார்வைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமலே அடுத்தடுத்து நிற்கின்றன.

இந்தக் கலப்புக்கு வரையறையும் ஒரு காரணம். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் உட்பட்டது குறுந்தொழில். சிறுதொழிலுக்கு அந்த எல்லைகள் 25 கோடியும் 100 கோடியும். சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் நாலைந்து பொறியாளர்கள் சேர்ந்து தொடங்கும் கம்பெனியும், கோவையில் முப்பது ஆண்டாகக் கேஸ்டிங் ஊற்றும் பவுண்டரியும் இந்த அளவுகோலுக்கு ஒன்றே. ஆனால் இரண்டையும் மறிக்கும் தடைகள் வேறு வேறு. நிறுவனத்தின் அளவைப் பார்த்துப் பணம் தருவதற்கு ஆதரவான சான்று மெலிந்தது. தடை எது என்று பார்த்துத் துணை நிற்பதற்கான சான்று, அதற்குரிய குறைகளோடு, வலுவானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இளம் நிறுவனத்துக்குத் தேவைப்படுவது முதல் நிச்சயமின்மையைத் தாண்ட உதவும் சிறு தொகை. பழைய பட்டறைக்கோ சோதித்துப் பார்க்க ஓரிடமும், கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆளும், புதிதாகச் செய்ததை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ள ஒருவரும் வேண்டும். நம் திட்டங்கள் முதலாவதை ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டன. இரண்டாவதைக் கற்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

சந்தை ஏன் போதாது?

அரசுத் துணைக்கான பொருளியல் நியாயம் பெரும்பாலும் இரண்டு வாதங்களில் நிற்கிறது. முதலாவது அறிவின் இயல்பு பற்றியது. 1959-ல் ரிச்சர்ட் நெல்சனும் 1962-ல் கென்னத் ஆரோவும் எழுதிய கட்டுரைகள் அதை வகுத்தன. ஒருவர் செலவழித்துக் கண்டதை மற்றவர்கள் எளிதில் பயன்படுத்திக்கொள்வார்கள். பலனின் முழு மதிப்பும் கண்டவர் கைக்கு வராது. ஆகவே சமூகத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே சந்தை ஆய்வில் முதலிடும். இந்த வாதம் ஆய்வுக்கு அரசு பணம் தருவதை நியாயப்படுத்துகிறது. சிறு நிறுவனத்துக்குத்தான் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த இடத்தை இரண்டாவது வாதம் நிரப்புகிறது. கடன் கேட்டு வருபவரின் உண்மையான இடர் வங்கிக்குத் தெரியாது. வட்டியை உயர்த்தினால் கவனமானவர்கள் விலகி, துணிச்சல்காரர்களே எஞ்சுவார்கள். எனவே வங்கி வட்டியை உயர்த்தாமல் கடனையே அளந்து கொடுக்கும் என்று 1981-ல் ஸ்டிக்லிட்ஸும் வைஸும் காட்டினார்கள். பெரிய நிறுவனம் தன் லாபத்திலிருந்து ஆய்வுக்குச் செலவிடலாம். சிறியதற்கு வங்கியை விட்டால் வழியில்லை, வங்கியோ பிணை கேட்கும். லேத்தைப் பிணை வைக்கலாம். மனதில் இருக்கும் யோசனையைப் பிணை வைக்க முடியாது. அதனால் லேத் வாங்கக் கடன் கிடைக்கிறது, யோசனையைச் சோதிக்கக் கிடைப்பதில்லை.

சிறியதா பெரியதா என்ற வழக்கு இதைவிடப் பழையது. 1911-ல் புதிய தொழில்முனைவோரைப் பொருளாதார மாற்றத்தின் நாயகர்களாக வைத்த ஷும்பீட்டரே, 1942-ல் பெருநிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டதாக எழுதினார். 1979-ல் டேவிட் பர்ச் அமெரிக்காவில் புதிய வேலைகளைப் பெரும்பாலும் உருவாக்குபவை சிறு நிறுவனங்களே என்றார். அந்த முடிவு பல நாடுகளின் கொள்கையை நகர்த்தியது. 2013-ல் ஹால்டிவாங்கர், ஜார்மின், மிராண்டா மூவரும் கூடுதல் தரவுகளோடு அதை மறுபடி ஆராய்ந்தார்கள். நிறுவனத்தின் வயதைக் கணக்கில் எடுத்ததும் அளவின் பங்கு ஏறக்குறைய மறைந்துபோனது. வளர்ச்சி இளமையோடு சேர்ந்து வந்ததே தவிரச் சிறுமையோடு அல்ல. இந்தியாவுக்கு இது கூடுதல் சங்கடம் தரும் முடிவு. அமெரிக்காவில் தாக்குப்பிடிக்கும் தொழிற்கூடம் நாற்பது ஆண்டுகளில் பல மடங்கு வளர்கிறது, இந்தியாவில் அது பெரிதும் தொடங்கிய அளவிலேயே நிற்கிறது என்று 2014-ல் ஷியேயும் கிளெனோவும் காட்டினார்கள். வளரும் திறன் இல்லையா, வளர்வதால் பயன் இல்லாத சூழலா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் நம் சிறு நிறுவனங்களில் பெரும்பகுதி பழையவை, சிறியவையாகவே நீடிப்பவை என்பது கொள்கை வகுப்பவர் முதலில் பார்க்க வேண்டிய உண்மை.

மூன்றாவது பார்வை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்கு மிகப் பொருந்துவது அதுதான். ஒரே தொழிலைச் செய்யும் பல சிறு நிறுவனங்கள் ஓரூரில் குவியும்போது தொழில்நுணுக்கம் ஊரின் பொதுச்சொத்தாகிறது என்று 1890-ல் ஆல்பிரட் மார்ஷல் எழுதினார். இந்தப் பார்வையில் புதியன கற்கும் அலகு தனி நிறுவனம் அல்ல, ஊர். கோவையின் பம்பு, திருப்பூரின் பனியன், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் தோல் எல்லாம் இந்த வகை. ஒரு பட்டறையில் ஒருவர் செய்த திருத்தம் சில மாதங்களில் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். ஆரோ கவலைப்பட்ட கசிவு அதுவே. மார்ஷல் கண்ட வளமும் அதுவே.

அமெரிக்காவின் நீண்ட சோதனை

தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் 1970-களில் நடத்திய முன்னோட்டத்திலிருந்து வளர்ந்தது அமெரிக்க நாடாளுமன்றம் 1982-ல் இயற்றிய சட்டம். வெளியாருக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆய்வு நிதி வழங்கும் ஒவ்வொரு துறையும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பங்கு படிப்படியாக உயர்ந்து 3.2 விழுக்காட்டை எட்டியது. முதற்கட்டத்தில் யோசனை நடக்குமா என்று பார்க்கச் சிறு தொகை. தேறியவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் பெரிய தொகை. மூன்றாம் கட்டத்துக்கு இந்த ஒதுக்கீட்டிலிருந்து பணம் கிடையாது. சந்தையோ, அரசுத் துறையின் கொள்முதலோ ஏற்றுக்கொள்ள வேண்டும். அரசு பங்கும் கேட்பதில்லை, திருப்பியும் கேட்பதில்லை. உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட சிறுதொழில் புத்தாக்கத் திட்டங்களுள் இது ஒன்று.

ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும். 1999-ல் ஜோஷ் லெர்னர், நிதி பெற்றவை பெறாதவற்றைவிட வேகமாக வளர்ந்ததைக் கண்டார். ஆனால் துணிகர முதலீடு ஏற்கெனவே புழங்கும் வட்டாரங்களில்தான் அந்த வேறுபாடு தெரிந்தது. பலமுறை நிதி பெற்றதால் கூடுதல் பலன் இல்லை. 2000-ல் ஸ்காட் வால்ஸ்டன் இன்னும் கடுமையான முடிவுக்கு வந்தார்: அரசு தந்த ஒவ்வொரு டாலருக்கும் நிறுவனம் தன் சொந்த ஆய்வுச் செலவில் ஏறக்குறைய ஒரு டாலரைக் குறைத்துக்கொண்டது. பொதுப்பணம் தனியார் பணத்தை வெளியே தள்ளிவிடும் என்ற பழைய அச்சத்துக்கு இது வலுச்சேர்த்தது. இத்தகைய ஒப்பீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. நிதி பெற்றவர்கள் ஏற்கெனவே சிறந்தவர்களாக இருந்திருக்கலாம். அப்படியானால் அவர்களின் வளர்ச்சி மானியத்தின் பலன் ஆகாது.

இந்தச் சிக்கலைச் சப்ரினா ஹோவெல் 2017-ல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் கடந்தது. எரிசக்தித் துறை விண்ணப்பங்களுக்கு அளித்த தரவரிசையை எடுத்துக்கொண்டு, தேர்வுக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களையும் சற்றுக் கீழே இருந்தவர்களையும் மட்டும் அவர் ஒப்பிட்டார். கோட்டின் இருபுறமும் தகுதி ஏறக்குறைய சமம். வேறுபாடு பணம் மட்டுமே. முதற்கட்டச் சிறு தொகை பின்னாளில் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. காப்புரிமையும் வருவாயும் உயர்ந்தன. இளம் நிறுவனங்களிலும் முன்பு நிதி பெறாதவற்றிலும் விளைவு பெரிதாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு பெரிய இரண்டாம் கட்டத் தொகைக்கு அத்தகைய விளைவு தெரியவில்லை. நிறுவனங்கள் முன்மாதிரி ஒன்றைச் செய்து காட்ட முடிந்ததே முதற்கட்டத்தின் விளைவுக்குக் காரணம், அரசு தேர்ந்தெடுத்தது என்ற நற்சான்று அல்ல என்பது அவர் கணிப்பு. பின்னர் அமெரிக்க விமானப்படையின் நிதியை அவரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். தேவையைப் படை முன்கூட்டியே வரையறுத்துக் கேட்ட பழைய வகைப் போட்டிகள் அளவிடத்தக்க பலன் தரவில்லை. ‘உங்களிடம் என்ன இருக்கிறது, காட்டுங்கள்’ என்று திறந்து விட்ட போட்டிகள் பலன் தந்தன.

ஐரோப்பியச் சான்று இதை வேறொரு பக்கத்திலிருந்து தாங்குகிறது. இத்தாலியின் எமிலியா-ரொமாஞா பகுதியில் தரப்பட்ட ஆய்வு மானியத்தைப் புரோன்சினி, யாக்கினி இருவரும் 2014-ல் இதே முறையில் ஆராய்ந்தபோது, மொத்தத்தில் முதலீடு கூடவில்லை. சிறு நிறுவனங்களில் மட்டும் மானியத்துக்கு ஈடான அளவு கூடியிருந்தது. பிரிட்டனில் 2008-ல் ஆய்வு வரிச்சலுகையின் தகுதி வரம்பு விரிந்தபோது, புதிதாகத் தகுதி பெற்ற நிறுவனங்களின் ஆய்வும் காப்புரிமையும் உயர்ந்தன. ஆனால் வரிச்சலுகை ஒழுங்காகக் கணக்கு எழுதும் நிறுவனத்துக்கே எட்டும் கருவி. பிழையும் மோசடியுமான கோரிக்கைகள் பெருகி, அந்நாடு 2024-ல் அதை மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

ஆக, அரசால் வெற்றியாளரை அடையாளம் காண முடியாது என்ற பழைய எதிர்ப்புக்கு இந்தச் சான்றுகள் பாதி விடை தருகின்றன. அடையாளம் காண வேண்டியதில்லை. பலருக்குச் சிறு தொகை கொடுத்து முதல் சோதனையைச் செய்ய விடுவது போதும். பெரிய தொகையை ஒரு சிலரிடம் குவிக்கும்போதுதான் அரசின் கணிப்புத்திறன் சோதனைக்கு உள்ளாகிறது. மறுபாதி விடை இந்தச் சான்றுகளில் இல்லை. இவை அளந்தவை காப்புரிமை, துணிகர முதலீடு போன்றவை. கோவை குறிச்சியிலோ சென்னை அம்பத்தூரிலோ உள்ள பட்டறையில் நடக்கும் மாற்றம் இவ்விரண்டிலும் பதிவாவதில்லை.

காப்பு, இயந்திரம், புதிய நிதி

இந்தியாவின் முதல் விடை ஒதுக்கீடு. 1967-ல் 47 பொருட்களைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கத் தொடங்கிய பட்டியல் பின்னர் 800-ஐத் தாண்டியது. 1997-ல் அபித் உசேன் குழு அதைக் கைவிடச் சொன்னது; படிப்படியாகச் சுருங்கி, கடைசி 20 பொருட்கள் 2015-ல் நீக்கப்பட்டன. ஒதுக்கீடு நீங்கியதால் வேலை குறைந்ததா என்று மார்ட்டின், நடராஜ், ஹாரிசன் ஆகியோர் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவு, பொருட்கள் அதிகம் விடுவிக்கப்பட்ட மாவட்டங்களில் வேலைவாய்ப்பு கூடியதாகச் சொல்கிறது. சிறியவை சில மூடப்பட்டன. புதிதாக நுழைந்தவையும் வரம்புக்குள் அடங்கிக் கிடந்தவையும் வளர்ந்தன. புத்தாக்கத்தின் கோணத்தில் ஒதுக்கீட்டின் குறை தெளிவு. வளர்ந்தால் சலுகை போகும் என்ற நிலையில், வளர்ச்சி தரக்கூடிய எந்தப் புது முயற்சிக்கும் அது மறைமுகமான தண்டனை. ஆனால் எத்தனையோ பேர் முதலாளியாகத் தொழில் கற்றுக்கொள்ள அந்தக் காப்பு இடம் தந்தது என்ற மறுவாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதற்கான கணக்கை யாரும் முறையாகப் போட்டதில்லை.

இரண்டாவது விடை இயந்திர மானியம். ஜவுளித் துறைக்கு 1999-லும், சிறுதொழில்களுக்குக் கடனோடு இணைத்து 2000-லும் தொடங்கிய திட்டங்கள், நவீன இயந்திரம் வாங்கும் கடன் சுமையின் ஒரு பகுதியை அரசு ஏற்பதாக அமைந்தன. சிறுதொழில் திட்டத்தில் பின்னாளில் 1 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 15 விழுக்காடு, அதாவது அதிகபட்சம் 15 லட்சம் கிடைத்தது. இயந்திரத்தோடு அறிவும் வருகிறது என்பது இத்தகைய திட்டத்தின் நியாயம், அது பொய்யல்ல. புதிய தறியும் புதிய சி.என்.சி.யும் வந்த ஊர்களில் தரம் உயர்ந்தது. ஆனால் பட்டியலில் இருந்த இயந்திரத்தைக் கடையில் வாங்கியவருக்குக் கிடைத்த உதவி, தன்னிடமிருந்த இயந்திரத்தைத் தானே மாற்றியமைத்தவருக்குக் கிடைக்கவில்லை. மேலே சொன்ன வங்கிச் சிக்கலையும் அது தீர்க்கவில்லை: லேத்துக்கு ஏற்கெனவே கிடைத்த கடன் மலிவாயிற்று, யோசனைக்குக் கிடைக்காத கடன் கிடைக்காமலே இருக்கிறது.

மூன்றாவது விடை அமெரிக்க மாதிரியிலிருந்து வந்தது. உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-ல் அந்தத் திட்டத்தின் பெயரையே தழுவி ஒன்றைத் தொடங்கியது; அத்துறையின் கீழ் 2012-ல் உருவான பைராக் நிறுவனம், தொடக்க நிலை யோசனைக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பாதுகாப்புத் துறைக்கு 2018-ல் ஐடெக்ஸ் என்ற திட்டம் வந்தது. 2022-ல் சிறுதொழில் அமைச்சகம் யோசனை ஒன்றுக்கு 15 லட்சம் வரை தரும் திட்டத்தை அறிவித்தது. 2025-ல் ஒன்றிய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாயில் ஆய்வு, மேம்பாடு, புத்தாக்க நிதி ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடே ஆய்வுக்குப் போகும் நாட்டில் இந்த அளவு வரவேற்கத்தக்கது. ஆனால் அது ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்துக்கு நீண்ட காலக் கடனாகவோ பங்காகவோ செல்ல வடிவமைக்கப்பட்டது. ஹோவெலின் சான்றை அளவுகோலாகக் கொண்டால், அரசுப் பணம் மிகுந்த பலன் தருவது அதற்கு முந்தைய கட்டத்தில்தான்.

வவுச்சர்: சிறு கருவியின் எல்லை

பழைய பட்டறையையும் ஆய்வுக்கூடத்தையும் இணைக்கக் கண்ட எளிய கருவி வவுச்சர். கல்லூரியிலோ ஆய்வு நிலையத்திலோ உதவி பெறச் சிறு நிறுவனத்துக்கு அரசு தரும் சீட்டு அது. நெதர்லாந்து 2004-ல் இதைக் குலுக்கல் முறையில் வழங்கியதால் துல்லியமாக அளக்க முடிந்தது. வவுச்சர் பெற்றோரில் பத்தில் எட்டுப் பேர் அது இல்லாவிட்டால் ஆய்வு நிலையத்தின் பக்கம் போயிருக்கவே மாட்டார்கள். மான்செஸ்டரில் 2009-ல் தொடங்கிய இன்னொரு குலுக்கல் சோதனை இந்த உற்சாகத்தைச் சற்றுத் தணிக்கிறது. படைப்புத்துறை நிறுவனங்களின் சேவையை வாங்க 4,000 பவுண்டு வவுச்சர் பெற்றவர்கள் ஆறு மாதத்தில் மற்றவர்களைவிடப் புதியன செய்திருந்தார்கள். ஓராண்டில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கதவைத் திறக்க வவுச்சர் போதும், உறவு நீடிக்க வேறு ஏதோ தேவை என்று இதைப் படிக்கலாம். தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம் 2 லட்சம், 5 லட்சம் ரூபாய் என இரண்டு வகை வவுச்சர்களைத் தருகிறது. நல்ல தொடக்கம். நெதர்லாந்தைப் போல ஒரு சுற்றையாவது குலுக்கலில் வழங்கினால், இங்குள்ள விளைவு இங்கேயே தெரிந்துவிடும்.

ஊர் கற்கும் விதம்

தமிழ்நாட்டின் தொழில் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. அது போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் வருத்தம். 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், 1956-ல் கோவையில் ஆலைகளின் கூட்டு முயற்சியாகத் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் எழுந்தன. பின்னாளில் பம்பு, மோட்டார் செய்யும் சிறு பட்டறைகளுக்காகக் கோவையில் சிட்டார்க் என்ற சோதனை மையம் வந்தது. தனி நிறுவனம் வைத்திருக்க முடியாத கருவியையும் ஆளையும் ஊர் சேர்ந்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் இவை. ஜெர்மனியில் 1954 முதல் தொழில்துறை ஆய்வுச் சங்கங்கள் கூடி நடத்தும் கூட்டு ஆய்வும், ஜப்பானின் மாகாணச் சோதனை மையங்களும் இதே மரபு. 1970-களின் தொடக்கத்தில் இந்திய அரசு பதப்படுத்தாத, அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோதும், 1980-களின் இறுதியில் ஜெர்மனி பெண்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருள் கலந்த தோலைத் தடுத்தபோதும், வேலூர் வட்டாரத் தோல் பதனிடுவோர் மாற்று வழிக்குப் போய் நின்ற இடங்களில் சென்னை ஆராய்ச்சி நிறுவனம் முக்கியமானது. தனித்தனியே மானியம் கொடுத்திருந்தால், ஒவ்வொரு தொழிற்சாலையும் அதே வேதியியலைத் தன் செலவில் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

திருப்பூர் இதைவிடக் கடுமையான பாடம். சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு நொய்யலைக் கெடுத்து, ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவுத் தேக்கமாக்கியது. உழவர்கள் வழக்காடினார்கள். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றக் கூடாது என்ற நிலைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் வந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. அதன்பின் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி ஆகியவற்றோடு, எஞ்சும் உப்புநீரையே மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தும் முறை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நிறுவப்பட்டு மற்ற நிலையங்களுக்கும் பரவியது. ஜவுளித் தொழிலில் உலகம் கவனித்த ஒரு தொழில்நுட்ப மாற்றம் சிறு பட்டறைகளின் ஊரில் நடந்தது. அதற்கு மூன்றும் சேர்ந்து வேண்டியிருந்தன: தட்ட முடியாத கட்டுப்பாடு, கூட்டாகச் சொந்தமான நிலையம், பொதுப்பணம். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அது நடந்திருக்குமா என்பது ஐயமே.

ஊர் சேர்ந்து கற்கும் இந்த வழிக்கு வலுவான எதிர்ப்புகள் உண்டு. முதலாவது, விலை. செலவைத் தாங்க முடியாத பல சிறு சாயப்பட்டறைகள் தொழிலை விட்டன. சாயமேற்றும் வேலையின் ஒரு பகுதி கட்டுப்பாடு தளர்ந்த இடங்களுக்கு நகர்ந்தது. உழவர்கள் இழந்த நிலத்தின் வளம் முழுதும் திரும்பவில்லை. எனவே இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. இரண்டாவது, பொது வசதி மையங்கள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன என்ற குறை. மானியத்துக்காகப் பெயரளவில் சேர்ந்த சங்கம், இயந்திரம் வந்தபின் அதை ஓட்ட ஆளும் பராமரிக்கப் பணமும் தேடித் திணறுகிறது. இந்தக் குறை உண்மை. ஆனால் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஒருமுறை பணம் கொடுத்து, நடத்தும் செலவைக் கைவிடும் நிதி விதியில்தான் அதன் வேர் இருப்பதாகத் தோன்றுகிறது. நீடித்த மையங்களில் சம்பளம் வாங்கும் தொழில்நுட்பர் இருந்தார்; பட்டறைக்காரர் போய்க் கேட்டால் விடை கிடைத்தது. மூன்றாவது எதிர்ப்பு, ஊர்க் கூட்டுறவு பழைய வழியிலேயே ஊரைப் பூட்டிவிடும், அதை உடைப்பவர் வெளியிலிருந்தே வருவார் என்பது. அதனால்தான் இளம் நிறுவனங்களுக்கான சிறு நிதியும் உடன் தேவைப்படுகிறது. ஒன்று மற்றதற்கு மாற்றாகாது.

வாங்குபவர் யார்?

மானியம் பற்றிய விவாதம் மிகுதியாக இருக்கும் அளவுக்குத் தேவைப் பக்கம் பற்றிப் பேச்சு இல்லை. புதிய பொருளுக்கு முதல் வாங்குபவர் கிடைக்காவிட்டால் எந்த மானியமும் முன்மாதிரியோடு நின்றுவிடும். 2012-ன் கொள்முதல் ஆணைப்படி ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டிய பங்கு முதலில் 20 விழுக்காடு, பின்னர் 25. 358 பொருட்கள் அவற்றுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டன. முன்வைப்புத் தொகை இல்லை. இவை பயனுள்ளவை. ஆனால் விலையில் ஒரு விதி இருக்கிறது: மிகக் குறைந்த விலைக்கு மேல் 15 விழுக்காட்டுக்குள் கேட்ட சிறு நிறுவனம், அந்தக் குறைந்த விலைக்கே இறங்கி வந்தால் ஒரு பங்கை வழங்கலாம். பழைய பொருளை அதே விலைக்குத் தருபவருக்கு இது உதவி. சற்று விலை கூடினாலும் நீண்ட நாள் உழைக்கும், அல்லது மின்சாரம் குறைவாக உண்ணும் பொருளைச் செய்தவருக்கு இதில் இடமில்லை.

கோவைப் பம்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் உழவுக்கு 1990 முதல், இடையில் ஒரு சிறு காலம் நீங்கலாக, மின்சாரம் இலவசம். உழவருக்கு அது உயிர்நாடி. இங்கு அதை எதிர்ப்பது நோக்கமல்ல. ஆனால் பம்பு வாங்குபவர் மின்கட்டணம் கட்டாதபோது, குறைந்த மின்சாரத்தில் அதே தண்ணீரை இறைக்கும் பம்புக்கு அவர் கூடுதல் விலை தரக் காரணம் இல்லை. செலவை மிச்சப்படுத்துவது மின்வாரியம், பம்பு செய்வது பட்டறை, வாங்குவது உழவர்; மூவரின் கணக்கும் சந்திப்பதில்லை. மிச்சமாகும் மின்சாரத்தின் மதிப்பில் ஒரு பகுதியைப் பம்பின் விலையில் வாரியம் சேர்த்துத் தந்தால், ஆய்வு மானியம் எதுவும் இல்லாமலே பட்டறைகள் அந்தத் திசையில் உழைக்கும் என்று எதிர்பார்க்க இடமுண்டு.

பில் பணம் தாமதமாவது இதோடு சேர்ந்தது. 2006-ன் சட்டம் 45 நாளில் பணம் தரச் சொல்கிறது. காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2023-ல் வந்தது. கொடுக்க வேண்டியவர்களில் பெரியவர்களும் அரசுத் துறைகளும் இருக்கும்போது, சிறியவர் வழக்குக்குப் போகத் தயங்குவார். அடுத்த ஆர்டர் பணம் கொடுக்க வேண்டியவரின் கையில்தான் இருக்கிறது. மூன்று மாதம் பணம் நிலுவையில் நிற்கும் பட்டறை, சோதனைக்கு என்று தனியாக ஒரு தொகை எடுத்து வைப்பதை எதிர்பார்க்க முடியாது. புத்தாக்க நிதியின் கணக்கில் வராத இந்த நிலுவை, பல பட்டறைகளுக்கு எந்த மானியத்தையும்விடப் பெரிய தொகையாக இருக்கக்கூடும்.

தீராமல் இருப்பவை

இதுவரை கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், தொடக்க நிலையில் பலருக்குச் சிறு தொகை என்பதற்கு ஆதரவு ஓரளவு உறுதியானது. அது பெரும்பாலும் பணக்கார நாடுகளிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. கூட்டு நிலையங்களுக்கான ஆதரவு வரலாற்றிலிருந்து வருகிறது. அளந்த ஆய்வுகள் குறைவு. கொள்முதலின் ஆற்றல் கோட்பாட்டில் வலுவானது, இந்தியச் சான்று மிக மெலிந்தது. மேலாண்மை ஆலோசனை பற்றி நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது: மும்பை வட்டார ஜவுளி ஆலைகளில் புளூமும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில் முதலாண்டில் உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அவை நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேலை செய்த ஆலைகள். பத்துப் பேர் பட்டறைக்கு அது பொருந்துமா என்று சொல்ல முடியாது. பட்டறைக்குள் நடக்கும் திருத்தங்களை எதை வைத்து அளப்பது என்பதும் திறந்த கேள்வி. காப்புரிமை எண்ணிக்கை அவற்றைத் தவறவிடுகிறது, விற்றுமுதல் மிகையாகவும் காட்டலாம், குறைத்தும் காட்டலாம். பலன் ஓரூரில் பரவி யாருடைய கணக்கிலும் தனியாகத் தெரியாதபோது, அதற்கான செலவை எந்தத் துறை ஏற்பது என்பது நிர்வாகக் கேள்வியாகத் தோன்றினாலும் இதுவரை தீர்க்கப்படாதது.

இவற்றுள் சிலவற்றுக்கேனும் விடை காணப் புதிய நிதி தேவையில்லை. ஒன்றிய, மாநிலத் திட்டங்களுக்கு விண்ணப்பித்தவர்களைக் குழுக்கள் மதிப்பிட்டுத் தேர்ந்தெடுக்கின்றன. தேறியவரும் நூலிழையில் தவறியவரும் அந்தக் கோப்புகளில் இருக்கிறார்கள். பெயர்களை மறைத்து, சரக்கு சேவை வரிப் பதிவுகளோடு இணைத்து, அந்தத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்தால், ஹோவெல் அமெரிக்காவில் செய்த ஒப்பீட்டைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளை வைத்தே செய்துவிடலாம். மானியம் விற்பனையை மாற்றியதா, வேலையை மாற்றியதா, ஐந்தாண்டு கழித்து அந்த நிறுவனம் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு ஊகத்துக்குப் பதில் எண் கிடைக்கும்.